யாரோ கட்டிய பழைய சாப்பர்: எஞ்சினை இயக்கிப் பார்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதல்வண்டி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பைக் வேலையில் எனக்கு முன்னனுபவம் இல்லை. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த ஒரு சாப்பர், அதாவது கம்பெனி வண்டியை வெட்டி மாற்றிக் கட்டிய பைக், என் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் 1970களின் ஹோண்டா சிபி750. நான்கு சிலிண்டர், 736 சிசி. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் தம் விருப்பத்துக்குக் கட்டியது. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. சேஸிஸின் பின்பகுதியை வெட்டிவிட்டு ஹார்ட்டெயிலாக வெல்டிங் செய்திருக்கிறார்கள். முன் ஃபோர்க் வழக்கத்தைவிட நீளம். ஹாண்டில்பார் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. கட்டியவர் யாரென்று விற்றவருக்கும் தெரியவில்லை.

முதலில் எஞ்சினுக்கு உயிர் கொடுத்துவிட்டு, அது ஓடினால் பிரேக்கையும் பெயிண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். டயர்களில் பட்டன் நன்றாக இருப்பதால் இப்போதைக்கு அவற்றை மாற்றத் தேவையிருக்காது என்பது என் எண்ணம். இந்த வரிசை சரியா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இரும்புப்பணி

வணக்கம் தம்பி. வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். ஓடாத எஞ்சினால் யாருக்கும் காயம் ஏற்படாது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், ஒரு சுற்று போய்ப் பார்க்கலாமே என்ற ஆசையை அடக்குவது மிகக் கடினம். சேஸிஸ், ஸ்டியரிங் கழுத்து (ஃபோர்க் திரும்புவதற்குச் சேஸிஸின் முன்னால் உள்ள குழாய்), சக்கரம், பிரேக் ஆகியவற்றை முடித்த பிறகே எஞ்சின் பக்கம் திரும்புங்கள்.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிக்கு ஒரு பணிமனைக் கையேடு இருக்கும். எந்த போல்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தப் பாகம் எவ்வளவு தேயலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் வண்டிக்கு அந்தக் கையேடு எஞ்சின் அளவோடு நின்றுவிடும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஃபோர்க் எந்த வண்டியினுடையது, சக்கரம் எதனுடையது, காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) எதனுடையது, ஆக்சிலின் விட்டம் என்ன என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாகத்துக்கு எதிரே கேள்விக்குறி இடுங்கள். அந்தக் கேள்விக்குறிகள் தீரும் வரை வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். டேங்கையும் சீட்டையும் கழற்றிவிட்டு, ஒரு சிறிய காந்தத்தைச் சேஸிஸ் குழாய்கள் மீது, முக்கியமாக ஸ்டியரிங் கழுத்தைச் சுற்றியும் ஹார்ட்டெயில் ஒட்டப்பட்ட இடங்களிலும் மெல்ல நகர்த்துங்கள். பெயிண்டுக்கு அடியில் பட்டி தடிப்பாகப் பூசப்பட்டிருந்தால் காந்தத்தின் பிடி அங்கே தளரும். அந்த இடங்களில் பெயிண்டை வெறும் இரும்பு தெரியும் வரை நீக்கிவிட்டு, சிவப்புச் சாயம் கொண்டு விரிசல் சோதனை செய்யுங்கள். இரும்பைச் சுத்தம் செய்து உலர்த்தி, சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடமாவது விட வேண்டும். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். கிளீனரை இரும்பின் மேல் நேரடியாகத் தெளித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரைத் தெளித்துவிட்டுக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் அது தன்னைத் தானே சிவப்புக் கோடாக வரைந்து காட்டும்.

ஓர் எச்சரிக்கை. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் பின்னர் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சிறிதளவு சுவாசித்தாலும் நுரையீரலைக் கெடுத்துவிடக்கூடிய வாயு அது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் தெளிக்க வேண்டாம்.

முதல்வண்டி

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஸ்டியரிங் கழுத்தில் காந்தம் எங்கும் தளரவில்லை. சாயமும் எதையும் காட்டவில்லை. ஆனால் சீட்டுக்குக் கீழே, ஹார்ட்டெயில் பழைய சேஸிஸோடு சேரும் இரண்டு இடங்களிலும் காந்தம் வழுக்கியது. வலப்பக்கம் சுரண்டியபோது பட்டி சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் வெல்டிங் இருந்ததற்கான மேடே இல்லை. குழாயோடு மட்டமாகும் வரை அரைத்திருக்கிறார்கள்.

டெவலப்பர் தெளித்த முதல் ஒரு நிமிடம் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு குழாயின் அடிப்பக்கத்தில் ஓர் ஊசிமுனைச் சிவப்பு தோன்றியது. அதற்கு அடுத்து இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குழாயைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடாயின. இடப்பக்கத்தில் கோடு இல்லை. இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது உடல் நடுங்குகிறது. விரிசலின் மேல் நானே வெல்டிங் வைத்தால் போதுமா?

இரும்புப்பணி

போதாது, நீங்களே செய்யவும் வேண்டாம். விரிசலுக்கு மேல் வெல்டிங் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்கு ஒப்பானது. விரிசல் அங்கே ஏன் வந்தது என்று பாருங்கள். இரண்டு குழாய்களை முனைக்கு முனை வைத்து ஒட்டி, அழகுக்காக மேட்டையும் அரைத்துத் தள்ளினால், மிஞ்சுவது மெல்லிய தோல் மட்டுமே. ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் வாங்கும் ஒவ்வொரு அடியும் சஸ்பென்ஷனில் தணியாமல் நேரே அந்த ஒட்டுக்குத்தான் வந்து சேரும்.

முறையாகச் செய்வதென்றால், குழாயின் உள்விட்டத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் இரும்புத் துண்டு ஒன்றை இரண்டு குழாய்களுக்குள்ளும் போகுமாறு நுழைக்க வேண்டும். குழாயின் பக்கவாட்டில் துளையிட்டு, அத்துளைகளின் வழியாக உள்துண்டையும் சேர்த்து வெல்டிங் செய்து, அதன் பின்னரே சுற்று ஒட்டைப் போட வேண்டும். அப்போது பாரம் ஒரே கோட்டில் நிற்காமல் நீளவாக்கில் பரவும். இடப்பக்கத்திலும் உள்துண்டு இருக்க வாய்ப்பில்லை; விரிசல் காணப்படாவிட்டாலும் இரண்டையும் வெட்டித் திருத்துங்கள். சேஸிஸை ஜிக்கில் (குழாய்கள் நகராமல் பிடிக்கும் சட்டம்) பூட்டி வேலை செய்யும், குழாய் வெல்டிங்கில் தேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். ஜிக் இல்லாமல் ஒட்டினால் வெப்பத்தில் குழாய் இழுத்துக்கொண்டு, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காமல் போகும்.

சேஸிஸைக் கொடுப்பதற்கு முன் ட்ரெயிலை அளந்து சொல்லுங்கள். வண்டியைச் சம தரையில் நேராக நிறுத்துங்கள். ஸ்டியரிங் கழுத்தின் நடு அச்சை ஒரு நேரான கம்பியோ இழுத்துக் கட்டிய நூலோ கொண்டு தரை வரை நீட்டி, அது தொடும் இடத்தில் குறியிடுங்கள். முன் ஆக்சிலின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அங்கேயும் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் ட்ரெயில். அச்சின் குறி முன்னாலும் குண்டின் குறி பின்னாலும் இருக்க வேண்டும்.

முதல்வண்டி

மூன்று முறை அளந்தேன். 22 மில்லிமீட்டர் வருகிறது. அச்சின் குறி முன்னால்தான் இருக்கிறது. கழுத்தின் சாய்வு செங்குத்துக்கு 30 பாகை. ஆனால் ஃபோர்க் குழாய்கள் 36 பாகை சாய்ந்திருக்கின்றன. குழாய்களைப் பிடிக்கும் மேல், கீழ்க் கவ்விகளே அப்படிச் சாய்வாகக் கடையப்பட்டிருக்கின்றன.

நான்குசிலிண்டர்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். விரிசல் பற்றி இரும்புப்பணி ஐயா சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கவ்விகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாய்வுக் கவ்வியும் நீண்ட ஃபோர்க்கும் சேர்ந்துதான் இந்த வண்டிக்கு அதன் முகத்தைக் கொடுத்திருக்கின்றன. கட்டியவரின் பெயர் மறைந்துபோயிற்று. அவருடைய கைவேலைதான் மிச்சம். பழைய கஸ்டம் வண்டியை மீட்பது என்றால், கட்டியவர் செய்ததை இயன்றவரை காப்பதும் அதில் அடங்கும் அல்லவா? நாமே நமக்குப் பிடித்த பாகங்களைப் போட்டுவிட்டால் அது புதியதொரு கஸ்டம் வண்டியாகிவிடும். ஹாண்டிலின் ஆட்டத்தை அடக்க ஒரு ஸ்டியரிங் டேம்பர் பொருத்தி, மிதமான வேகத்தில் ஓட்டினால் சமாளிக்க முடியாதா?

இரும்புப்பணி

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. பழைய கைவேலையை அழிக்கும் போக்கு எனக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்; காரணத்தைக் கணக்காகவே வைக்கிறேன்.

சாதாரணச் சாலை வண்டிகளில் ட்ரெயில் பொதுவாக 90 முதல் 110 மில்லிமீட்டர் வரை இருக்கும். சாப்பர்களில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான், சக்கரம் ஏதேனும் ஒரு பக்கம் திரும்பினாலும் தானாக நேருக்கு வருகிறது. இந்த வண்டியில் முன் டயரின் ஆரம் சுமார் 330 மில்லிமீட்டர், கழுத்தின் சாய்வு 30 பாகை என்று கொள்வோம். கவ்விகள் குழாய்களை அச்சிலிருந்து 60 மில்லிமீட்டர் முன்தள்ளிப் பிடிக்கின்றன. ஃபோர்க்கின் நீளத்தை 800 மில்லிமீட்டர் என்று வைத்தால், கவ்வியின் கூடுதல் 6 பாகைச் சாய்வு ஆக்சிலை மேலும் 84 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுபோகிறது. ட்ரெயில் சுமார் 24 என்று வருகிறது. தம்பி அளந்ததும் 22. இனி அளவில் சந்தேகம் இல்லை.

சாய்வுக் கவ்வியே தவறான பொருள் என்று நான் சொல்லவில்லை. கழுத்தின் சாய்வை அதிகமாக்கிய சேஸிஸில் ட்ரெயில் அளவுக்கு மீறிப் போகும். அதைக் குறைப்பதற்காக அமைந்த கவ்வி அது. இங்கே கழுத்தின் சாய்வு பெரிதாக மாறாத சேஸிஸில், தோற்றத்துக்காக மட்டும் அதைப் போட்டிருக்கிறார்கள். இதன் ஆபத்து மெதுவாக ஓட்டும்போது தெரியாது. ஹாண்டில் மிக இலகுவாகத் திரும்பும். அருமையாக ஓடுகிறது என்றே தோன்றும். வேகம் கூடி, ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் தடுமாறும் நேரத்தில் அதை நேருக்குக் கொண்டுவரும் விசை போதாமல் போகும். பிரேக் பிடித்து முன்பகுதி தாழ்ந்தால் இருக்கும் ட்ரெயில் இன்னும் குறையும். டேம்பர் ஆட்டத்தை மெதுவாக்கும். நேராக்கும் விசையை அதனால் உண்டாக்க முடியாது.

நேரான கவ்விகளாக மாற்றினால் ட்ரெயில் கணக்குப்படி 121 வரும். உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடவே வரும். ஏனென்றால் குழாய்கள் நிமிர்வதால் வண்டியின் முன்பகுதி நான்கைந்து சென்டிமீட்டர் உயர்ந்து, கழுத்தும் பின்னோக்கிச் சாயும். பழைய கவ்விகளை எறிய வேண்டாம். எண்ணெய் பூசித் துணியில் சுற்றி, குறிப்பு எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கட்டியவரின் கைவேலை அப்படியும் காக்கப்படும்.

நான்குசிலிண்டர்

கணக்கைப் பார்த்த பிறகு என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டேம்பர் பற்றி நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். நீண்ட ஃபோர்க்கும் உயர்ந்த ஹாண்டில்பாரும் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த எஞ்சினோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் சில செய்திகள். 1969இல் வந்த முதல் சிபி750லேயே முன்பக்க ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உண்டு. உங்கள் வண்டியிலும் அந்தக் காலிப்பரே இருந்தால், அது ஒரு கையில் கோத்து அசையும் அமைப்பு. அந்தக் கை சுழலும் ஊசி உலர்ந்து இறுகினால் பேடுகள் சீராகத் தேயாது. பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் உராயும். பிஸ்டனை வெளியே எடுத்துத் துருப்பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். சீல்களைப் புதிதாகப் போடுங்கள். பழைய ரப்பர் ஹோஸை எந்தக் காரணத்தைக் கொண்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே வீங்கித் துளை அடைபட்டிருக்கும். லீவரை அழுத்தும் பலத்தில் திரவம் காலிப்பருக்குப் போய்விடும், திரும்பி வர முடியாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். பிரேக் திரவம் டாட் 4 போதும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை; பெயர் ஒத்திருக்கிறது என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

பின்சக்கரம் டிரம் பிரேக் என்றால், பிரேக் தகட்டைச் சேஸிஸோடு பிணைக்கும் டார்க் ராடைப் பாருங்கள். நான் பார்த்த பல ஹார்ட்டெயில்களில் அந்த நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னே இல்லை. அந்த ராடு கழன்றால், பிரேக் மிதித்த கணத்தில் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

காலிப்பர், ஆக்சில், டார்க் ராடு போன்ற இடங்களில் பளபளக்கும் போல்டுகள் இருந்தால் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று இருந்தால் அவற்றின் பலம் தெரிந்தது. ஏ2-70 என்றிருக்கும் துருப்பிடிக்காத போல்ட் 8.8ஐவிடப் பலம் குறைந்தது. ஒன்றும் எழுதப்படாததை மாற்றிவிடுங்கள்.

எஞ்சினைப் பிறகு பேசலாம் என்றாலும் ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆயில் டேங்க் தனி. கஸ்டம் டேங்கில் போகும் ஹோஸ், வரும் ஹோஸ் இரண்டையும் மாற்றிச் செருகினால் எஞ்சினுக்கு ஆயிலே போகாது. கழற்றும் முன் படம் எடுத்து, ஹோஸ்களில் குறி கட்டி வையுங்கள்.

மின்தடம்

ஒயரிங் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. ஹாண்டில்பாரை உயர்த்திய வண்டிகளில் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி நீட்டியிருப்பார்கள். டேங்குக்கு அடியில், கழுத்தின் ஓரத்தில் ஒயர் உராயும் இடத்தைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஓர் ஒயராவது போயிருந்தால், பெட்ரோல் டேங்குக்குக் கீழே தீப்பொறி காத்திருக்கிறது என்று பொருள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு வைத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. எனவே பேட்டரிக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே, மெல்லிய ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் போகாத ஃபியூஸைப் போடுங்கள். இணைப்புகளை முறையான கருவியால் நசுக்கி இறுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் வைத்த ஒயர், ஈயம் முடியும் விளிம்பில் அதிர்வால் ஒடியும். சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் அதிர்வுக்குக் குறைவிருக்காது.

இந்த எஞ்சினின் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 5000 சுற்றில் தருவது 210 வாட் மட்டுமே. ஐடிலில் அதைவிட மிகக் குறைவு. 100 வாட் ஹெட்லைட் மாட்டினால் இக்னிஷனுக்குக் கிடைக்க வேண்டியது குறைந்துபோகும்.

முதல்வண்டி

ஃபியூஸ் இல்லாத ஒயர் ஒன்று இருந்தது. கழுத்தில் உராய்ந்து செம்பு தெரிந்தது. பழைய ஒயரிங் முழுவதையும் எடுத்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள். டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் 248 என்று மூன்று இலக்கம் மட்டும் இருக்கிறது. இதற்கு என்ன பொருள்? பெட்ரோல் டேங்கின் அடியில் ஒரு சிறு துளையும் இருக்கிறது. வெல்டிங் செய்பவரிடம் சேஸிஸோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

இரும்புப்பணி

2000ஆம் ஆண்டு முதல் நான்கு இலக்கங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்யப்பட்ட வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று இலக்கம் என்றால் அதற்கு முந்தையது; அதில் கடைசி இலக்கம் மட்டுமே ஆண்டு. உங்களுடையது 1978, 1988 அல்லது 1998இன் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் கட்டையாகியிருக்கும். டயர், ட்யூப், ரிம் டேப் மூன்றையும் மாற்றுங்கள். கழற்றிய கையோடு ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகக் கேட்கும்.

டேங்கைப் பற்றி நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலியான டேங்க், நிரம்பியதைவிட ஆபத்தானது. பல ஆண்டுகள் உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் துருவிலும் மடிப்புகளிலும் தங்கிய பெட்ரோலின் ஆவி வெப்பம் பட்டதும் வெளிவந்து வெடிக்கக்கூடும். அந்த வேலையை டேங்க் வேலை மட்டுமே செய்பவரிடம், முன்பு அதில் பெட்ரோல் இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள். சேஸிஸ் வெல்டிங் நடக்கும் இடத்தின் பக்கத்தில்கூட அதை வைக்க வேண்டாம்.

முதல்வண்டி

நீண்ட நாளுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். சேஸிஸ் ஜிக்கில் திருத்தப்பட்டு வந்துவிட்டது. இடப்பக்கத்தை வெட்டிப் பார்த்தபோது, ஐயா எழுதியபடியே உள்ளே துண்டு எதுவும் இல்லை. நேரான கவ்விகளைப் போட்ட பிறகு ட்ரெயில் 131. பழைய கவ்விகள் பெட்டியில் இருக்கின்றன. சிலிண்டர்களில் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினேன். பிறகு ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, அதன் பின்னரே பிளக்குகளை மாட்டினேன். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக்குக்கு 0.05, எக்ஸாஸ்ட்டுக்கு 0.08 மில்லிமீட்டர் என்று வைத்தேன். கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துத்தான் இயக்கினேன்.

வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஐடிலில் ஹாண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பியபோது எஞ்சின் சத்தம் தானாக உயர்ந்தது. உயர்ந்த ஹாண்டில்பாருக்கு ஆக்சிலரேட்டர் கேபிளின் நீளம் போதாமல் இழுபட்டிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால், முதல் திருப்பத்தில் வண்டி என்னை மீறிப் பாய்ந்திருக்கும். நீளமான கேபிளை, கழுத்தின் மறுபக்கமாகக் கொண்டுபோன பிறகு எந்தக் கோணத்திலும் சத்தம் மாறவில்லை. கையை விட்டால் ஆக்சிலரேட்டர் உடனே மூடிக்கொள்கிறது.

போக்குவரத்து இல்லாத மூடிய திடலில், மெதுவாக மொத்தம் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். புறப்படும் முன் எல்லா முக்கிய நட்டுகளின் மேலும் குறுக்கே ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இட்டிருந்தேன்.

நான்குசிலிண்டர்

கோடு எங்காவது விலகியிருக்கிறதா?

முதல்வண்டி

ஆக்சில், காலிப்பர், கவ்விகள், டார்க் ராடு எதிலும் விலகவில்லை. ஆயில் டேங்கின் கீழ்த் தாங்கியில் மட்டும் நட்டு கால் சுற்று நகர்ந்திருக்கிறது. ரப்பர் வாஷர் நசுங்கியிருந்தது. பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக்ஸ் மந்தமாக ஒலித்தன. செயினும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. வாஷரையும் நட்டையும் மாற்றிவிட்டேன். சக்கரத்தை இன்று கழற்றியிருக்கிறேன். திருத்திய ஒட்டுகளுக்கு மீண்டும் சாயம் தெளித்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த பத்து கிலோமீட்டருக்குப் பிறகும் தெளித்துப் பார்த்து எழுதுகிறேன்.